கேள்வி கேட்டவள்

இந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, இன்ஸ்பெக்டர் மேடம்? சத்தம் காதைக் குடைகிறது. நான் நடந்துகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

பள்ளி விவாதப் போட்டியில் ஒருவர் பேசி முடித்ததும் எதிரணிக்கு மூன்று நிமிடம் உண்டு. அவர்கள் கேட்பார்கள்; பேசியவர் பதில் மட்டும்தான் சொல்லலாம், திருப்பிக் கேட்கக் கூடாது. பலர் அதைச் சண்டை என்று நினைத்துக் கத்துவார்கள். நான் பதில் தெரிந்த கேள்வியை மட்டும் கேட்பேன். சின்னச் சின்னதாக, ‘ஆமாம்’ என்பதைத் தவிர வேறு வழியில்லாதபடி. முடிவை மட்டும் நான் சொல்வதே இல்லை. அதை நடுவர் தானே கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டும்.

என் அணியில் இன்னொருத்தி என் சித்தப்பா மகள். ஒரே வீடு, ஒரே பள்ளி. மேடையில் மழை மாதிரி பொழிவாள். கேள்வி என்று வந்துவிட்டால் நியாயத்துக்குப் பயந்தவள். துளி சந்தேகம் இருந்தாலும் எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிடுவாள். பயிற்சி ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவள் தம்பி, நாங்கள் வாலு என்று கூப்பிடுகிற குழந்தை, வீட்டுப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மூடியைத் திறந்து போட்டது யார் என்று சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த மாதிரி அமைதி ஒத்துக்கொள்ளாது. சித்தியின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்தது. என்னிடம் வருவதற்குள் எழுந்து போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“காலைல தொட்டியிலேருந்து தண்ணி மொண்டது நீதானே?”

“ஆமாக்கா.”

“உடனே உள்ள வந்து பேச்சைப் படிக்க ஆரம்பிச்சுட்ட?”

“ஆமா.”

“தம்பி தூங்குறானான்னு போய்ப் பாத்தியா?”

“இல்ல.”

“மூடியை மூடினியா?”

“மூடினேன்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா, ஞாபகம் இருக்கா?”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “ஞாபகம் இல்லக்கா” என்றாள்.

அவ்வளவுதான். மேற்கொண்டு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து மகள் முகத்தில் விழிப்பதில்லை. அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். வாயில் வருவது ஒன்றுதான்: நான்தான் திறந்து போட்டேன். உங்களிடமும் அதையே சொல்லியிருப்பாள். மூடி எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்றுகூட இப்போது அவளுக்கு ஞாபகம் வருகிறது. அவள் சொல்லக் கேட்டபோது எனக்கே ஒரு நொடி நம்பத் தோன்றியது. பாவம், தானாகச் சாப்பிடுவதும் இல்லை. நான்தான் ஊட்டிவிடுகிறேன்.

அவளுக்குப் பிறகு தொட்டிப் பக்கம் யார் போனது என்று சற்று முன் கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. நான் போனேன். மூடி சரியாக மூடியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளித்தான் திறக்க முடிந்தது. முகம் கழுவிக்கொண்டேன். இறுதிச் சுற்றுக்கான கேள்விகளை மனதுக்குள் அடுக்கியபடியே உள்ளே வந்துவிட்டேன். மூடவில்லை.

வீட்டில் ஒருவராவது இதை என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், மேடம். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.