விழவிட்டுத் தூக்கும் ஆட்டம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று என் பேரில் நான்கு லாரிகள் ஓடுகின்றன. ஒருமுறை காதில் விழுந்ததை ஒரு சொல் குறையாமல் சொல்வேன், படித்தவர்களால் முடியாது. கார் பட்டறையில் கிடந்ததால், கூலாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவள் அண்ணியும்.

“காலையிலேர்ந்து அவரு விழுந்துகிட்டே இருந்தாரு அண்ணி.”

“அலமாக்! அடி பட்டுச்சா?”

“போன்ல லா. நேரத்த பின்னால ஓட்டுற கேம். பொம்மை கீழ விழும், இவரு பின்னால ஓட்டி மேல கொண்டாருவாரு. மறுபடி விழ விடுவாரு.”

“வழி கண்டுபிடிச்சுக் கதவத் தாண்டணும்லா? என் பையனும் வெளயாடுவான்.”

“கதவு தொறந்தே கிடக்கு, போக மாட்டேங்குறாரு. சிங்கப்பூர்ல அவரு கூட்டாளி கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்து செத்தாருல்ல, இவரு கண்ணு முன்னாடி. அப்போலேர்ந்து இதே வேலதான்.”

“அந்தச் சனியன அழிச்சுத் தொலை.”

“அழிச்சிட்டுத்தான் வர்றேன். கத்துவாருன்னு நெனச்சேன். வெறுங்கையில கட்டைவிரல் மட்டும் அசைஞ்சுச்சு. அப்புறம் போயி பால்கனியில நின்னுக்கிட்டாரு.”

அண்ணி அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“அஞ்சாவது மாடியில தனியாவா விட்டுட்டு வந்த?”

அந்தப் பெண் உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் போன் அவள் கைப்பைக்குள்ளேயே அடித்தது.