இரண்டாவதாக வரவேண்டியவர்

வாசலில் நிற்கும் பைக் உங்களுடையது என்றால், சார், அதன் செயின் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. வரும்போது பார்த்தேன். சின்ன வேலைதான், தள்ளிப்போட வேண்டாம். நீங்களும் பைக் ஓட்டுகிறவர் என்பது நல்லதாகப் போயிற்று. நான் சொல்லப்போவதை ஓட்டாதவர்களுக்குப் புரியவைப்பது கடினம்.

முதலில் ஒரு புதிர். நான் முன்னால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். எனக்குப் பின்னால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். எல்லோருக்கும் ஒரே ரோடு, ஒரே தூரம். ஆனால் சாயாக் கடையில் இறங்கும்போது, கடைசியாக வந்தவர் எழுபதில் விரட்டிக்கொண்டு வந்ததாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படி விரட்டியும் அவர் வருவதற்குள் நாங்கள் சாயா குடித்து முடித்திருப்போம்.

காரணம் எனக்குத் தெரியும். குறுக்கே ஒரு மாடு வருகிறது, நான் லேசாகப் பிரேக் பிடிக்கிறேன். இரண்டாவது ஆள் அதைப் பார்த்து, சற்றுத் தாமதித்து, என்னைவிடக் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பார். மூன்றாவது ஆள் இன்னும் கொஞ்சம். கடைசி ஆள் காலை ஊன்றி நின்றேவிடுவார். அதற்குள் மாடும் போய், நானும் போயிருப்பேன். இப்படி ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் சேர்கிற இடைவெளி முழுவதையும் அந்த ஒருவரே ஓட்டித் தீர்க்க வேண்டும். கூட்டமாகப் போகும்போது அதிக வேகத்தில் ஓட்டவேண்டியவர் முன்னால் இருக்கிறவரல்ல, கடைசியில் இருக்கிறவர். காரணம் தெரிந்ததே தவிர, அந்த இடைவெளியை எப்படி இல்லாமல் செய்வது என்பது எனக்கு வருடக்கணக்காகப் பிடிபடவில்லை. ஞானதாசன் இறந்தது அந்த இடைவெளியில்தான்.

நேற்று எங்கள் பைக் குழுவில் வரும் அஜிதா இந்த ஸ்டேஷனுக்கு வந்து, அவரைக் கைகாட்டி அழைத்துக் கொன்றது தான்தான் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் சொன்னதில் நடந்தவை எல்லாம் சரி. காரணம் மட்டும் தவறு. தவறான விளக்கத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

என் பெயர் சிவதாணு. நாகர்கோவிலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எவ்வளவு பதறினாலும் நான் நிறுத்திவிடலாம். பைக்கில் அது கிடையாது. பின்னால் வருகிறவர்மேல் எனக்கு இருக்கிற ஒரே பிடி, வரிசையில் அவரை எந்த இடத்தில் விடுகிறேன் என்பதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் கற்றவர்கள் லைசென்ஸ் கைக்கு வந்ததும் போய்விடுவார்கள். ரோட்டில் பார்த்தால் ஒரு ஹாரன் அடிப்பார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக் குழு மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. வண்டி வாங்கி ஒரு மாதமானவர்களும் இருந்தார்கள், லடாக் வரை போய்வந்தவர்களும் இருந்தார்கள். எல்லோரையும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் பேச்சிப்பாறைக்கும் முட்டத்துக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன்.

எங்கள் முறை இது. ஒரு சந்தி வந்தால், எனக்கு அடுத்து வருகிறவர் அங்கே ஓரமாக நின்று, போகவேண்டிய பக்கம் கையை நீட்டுவார். அவரைக் கைகாட்டி என்போம். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்புவார்கள். எல்லோருக்கும் கடைசியில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் வருவார். அவர் வால். வால் கண்ணில் பட்டதும் கைகாட்டி புறப்பட்டு, அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்தியில், அப்போது எனக்குப் பின்னால் இருப்பவர் நிற்பார். யாரும் வழி தவற முடியாது. இதில் நான் போட்ட விதிகள் இரண்டு. கைகாட்டி எப்போதும் சந்திக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். பெரிய ரோடு வந்தால் எல்லோரும் நின்று, சேர்ந்துதான் கடக்க வேண்டும்.

ஞானதாசன் புதுக்கடைக்காரர். சவுதியில், தம்மாமில் பைப் ஃபிட்டராக இருந்து திரும்பி வந்து, அறுபது வயதில் புல்லட் வாங்கினார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஞாயிறு சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்துசேர்வார். அவரைவிட மெதுவாக ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. அவருக்காக ஒவ்வொரு சாயாக் கடையிலும் காத்திருந்தோம். ஒருநாள் வந்து இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"தாணு, நீ இப்பிடிப் பறந்தா நான் எங்கன வருவேன்? என்னைய உனக்க பின்னாலயே விடு. உனக்க பின்சக்கரத்தைப் பாத்துட்டே வந்திருவேன்."

குளச்சல் பையன் ஜெனின் குழுவிலேயே வேகமாக ஓட்டுகிறவன். "அப்போ நாங்க வண்டியத் தள்ளிட்டே வரலாம், அண்ணாச்சி" என்றான்.

"தள்ளுலே மக்கா. பெட்ரோலாவது மிச்சம் வரும்."

எல்லோரும் சிரித்தோம். நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். "ரெண்டாவது ஆளு சந்தியில நிக்கணும்லா, அண்ணாச்சி. மொத சந்தியிலயே நீங்க கடைசிக்குப் போயிருவிய. முறை அப்பிடி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முறை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்கமாட்டார்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஜெனின் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அந்தக் கிழவன் வரட்டும் அண்ணாச்சி, நாங்க வரல்ல. அஞ்சாறு பேரு தனியா ஒரு குரூப் தொடங்கலாம்னு இருக்கோம். கோவிச்சுக்கிடாதிய." அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அந்த ஐந்தாறு பேர் போனால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போவார்கள். கார் கற்றவர்கள் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஞானதாசனிடம் போய், கொஞ்ச நாள் தனியாக ஓட்டிப் பழகிவிட்டு வரலாமே என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் தாணு எனக்கு மனுசங்ககூடப் பேச்சு. மத்த நாளெல்லாம் சுவருகூடத்தான். அது பதிலும் சொல்லாது, சண்டையும் போடாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ வரண்டாம்னு சொன்னா வரல்ல. சொல்லுதியா?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை, சார். அதைச் சொல்லத் தேவையில்லாத ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு சந்தியில் கைகாட்டி கையை நீட்டி நிற்கிறார். ஞானதாசன் வருகிறார், கையைப் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்காமலே திரும்புகிறார். ஒரு பஸ் கிறீச்சிட்டு நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார், இவர் கும்பிட்டுவிட்டு வந்தார். மெதுவாக ஓட்டுகிறவர்களிடம் இந்தக் குணம் உண்டு. தனியாகப் போகும்போது பத்துத் தடவை பார்ப்பார்கள். கூட்டத்தில் ஒருவர் கையை நீட்டிவிட்டால், பார்க்கிற வேலையை அந்தக் கையிடம் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கவனித்தேன். ஒவ்வொரு சந்தியிலும் அப்படித்தான்.

பயிற்சிக் காரில் என்றால் பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தி, அங்கேயே பாடம் நடத்தியிருப்பேன். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவரை வாலாக ஆக்கினேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். ஆரஞ்சுச் சட்டையோடு படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். "வால்னா சும்மாவா மக்கா? பட்டத்துக்கே வாலு இல்லேன்னா குட்டிக்கரணம்தான்" என்று ஜெனினிடம் சொன்னார். வால் என்பது குழுவிலேயே நன்றாக ஓட்டுகிறவருக்குக் கொடுக்கிற இடம். எல்லோருக்கும் அது தெரியும். அவரை நான் கௌரவிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

தோவாளையைத் தாண்டி, கால்வாயை ஒட்டி வரும் சானல்கரை ரோடு ஹைவேயில் வந்து ஏறுகிற இடம் உங்களுக்குத் தெரியும். நேராகக் குறுக்கே கடந்தால் எதிரே ஊர் ரோடு. வலப்பக்கம் ரோட்டை ஒட்டி வாழைத்தோப்பு. நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்தால்தான் வருகிற வண்டி தெரியும். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து கேரளாவுக்குக் கல் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் களியக்காவிளைக்கு ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியில் போய்க்கொண்டிருக்கும். லாரியை நான் ஏற்பாடு செய்யவில்லை. அந்த ரோட்டில் லாரிக்கு ஏற்பாடு தேவையில்லை.

அன்று புறப்படும்போது அஜிதாவை எனக்குப் பின்னால் வரச் சொன்னேன். தோவாளைப் பூச்சந்தையில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிற பெண். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். "ஹைவேயைக் கடந்து அந்தப் பக்கம் நில்லு. இங்கன வாழை மறைக்கு. ஆரஞ்சுச் சட்டை தெரிஞ்சதும் கையை நல்லாத் தூக்கு, உடனே புறப்படு."

"இந்தப் பக்கம்லா அண்ணாச்சி நிக்கது?"

"இன்னைக்கு அந்தப் பக்கம்."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

சானல்கரையில் நான் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகப் போனேன். அந்த ரோடு முழுக்கப் பள்ளம், இடைவெளி தானாக வளரும். ஹைவே முகப்பில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், பார்த்துக் கடந்துவிட்டேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்துக் கடந்தார்கள். பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கைகாட்டியின் இடம், என் வேகம், நிற்காமல் போனது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் வெறும் கவனக்குறைவு. மூன்றும் ஒரே இடத்தில் ஒரே ஆளுக்கு நடந்தால்தான் அது வேலை செய்யும்.

பின்னால் தங்கிப்போன ஞானதாசன், எங்களைத் தொலைத்துவிடக் கூடாதே என்று, தன் வாழ்க்கையிலேயே வேகமாக அன்றுதான் ஓட்டியிருப்பார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அஜிதாவின் கை உயர்ந்தது.

நான் எதையும் பார்க்கவில்லை. எதிர் ரோட்டில் தூரம் போயிருந்தேன். ஜெனின்தான் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, விரட்டி வந்து என்னை மறித்தான். அதுவரை கிழவன் என்றே சொல்லிவந்தவன், "பாட்டா போயிட்டாரு, அண்ணாச்சி" என்றான்.

லாரி டிரைவரைப் பிடித்தீர்கள், விட்டீர்கள். பைக் ஓட்டியவர்தான் கவனிக்காமல் குறுக்கே வந்தார் என்று முடிந்தது. அடக்கத்துக்குக் குழு முழுவதும் புதுக்கடைக்குப் போனோம். அவருடைய பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா உங்களைப் பற்றித்தான் எப்போதும் பேசுவார் என்றார்கள்.

இனி நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயம். சில வாரம் கழித்து மறுபடி புறப்பட்டோம். ஜெனின் வரவில்லை, வண்டியை விற்றுவிட்டான். யாரைத் தக்கவைக்க இதைச் செய்தேனோ அவர்களில் இரண்டு பேர்தான் மிச்சம். அது போகட்டும். சாயாக் கடையில் இறங்கிப் பார்த்தால், இடைவெளி அப்படியே இருந்தது. ஞானதாசன் இல்லை, ஆனால் வேறொருவர் கடைசியாக, வியர்த்து, விரட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு புரிந்தது. ஆளை எடுக்கலாம், கடைசி இடத்தை எடுக்க முடியாது.

அடுத்தடுத்த வாரங்களில் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தவள் அஜிதா. அவள் வண்டி ஓட்டுவதை விட்டுவிடக் கூடாது என்று நான்தான் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தேன். ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் காலை ஊன்றிவிடுவாள். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். ரோடு காலியாக இருந்தாலும் அப்படித்தான். ரோட்டில் பின்னால் வரும் மற்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவளைக் கைகாட்டியாக நிற்கச் சொன்னால் வலது கை மேலே போகாது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அவளையும் இழந்துவிடக் கூடாது என்று யோசித்து, போன ஞாயிறு வரிசையை மாற்றிப் பார்த்தேன். அவளை எனக்குப் பின்னால் விட்டேன். சந்திகளில் அவள் நிற்கவேண்டாம், அவளுக்கு அடுத்தவர் நிற்கட்டும் என்றேன். கண்ணாடியில் அவள் தெரிகிற வேகத்தில் மட்டும் போனேன். பேச்சிப்பாறையில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது எல்லா வண்டிகளும் ஒன்றாக நின்றன. யாருக்கும் வியர்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்று உங்களிடம் சொல்வதில் கூச்சமில்லை.

அஜிதா சாயாவை வாங்கிக் கையில் வைத்திருந்தாள். "பாட்டா இதைத்தானே கேட்டாரு, அண்ணாச்சி. உங்க பின்னால விடச் சொல்லி. அப்பிடி வந்திருந்தா உங்க சக்கரத்தைப் பாத்திருப்பாரு, எனக்க கையைப் பாத்திருக்க மாட்டாரு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். பிறகு இங்கே வந்திருக்கிறாள்.

ஞானதாசனைக் கொன்றது நான். திட்டமிட்டுச் செய்தேன். கையெழுத்து எங்கே என்று சொன்னால் போடுகிறேன். அவளை வரவழைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அதனால் அவள் சரியாகிவிடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கையைத் தூக்கியது அவள்தானே.

நான் உள்ளே போனபிறகு குழுவை யாராவது எடுத்து நடத்தினால் அவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள், சார். மெதுவாக ஓட்டுகிறவர் இரண்டாவதாக வரவேண்டும். சந்தியில் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். முன்னால் போகிறவர் கண்ணாடியைப் பார்த்து, இரண்டாவது ஆளின் வேகத்தில் போகவேண்டும். அவ்வளவுதான், இடைவெளி வராது.