நிழல் விழும் பக்கம்

— இதுவும் சரியில்லங்க. இன்னொன்னு எடுத்து அனுப்புங்க.

— அட விடும்மா, இதோட நாலு ஆச்சு. என்னை வெட்டி எடுத்து உங்க ரெண்டு பேர் பக்கத்துல ஒட்டறதுக்கு இது போதாதா? நான் வெளிநாடு வந்ததுலேருந்து வருஷா வருஷம் அப்படித்தான செய்யற?

— செஞ்சு பட்டதாலதான் சொல்றேன். ஸ்கூல்ல மாட்ட குடும்பப் படம் கேட்டிருக்காங்க. போன வருஷப் படத்தப் பாத்துட்டு உங்க பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? அப்பா மட்டும் சுவத்துல ஒட்டின நோட்டீஸ் மாதிரி இருக்காருன்னா.

— வாய் அப்படியே உன்னது. ஓரத்தக் கொஞ்சம் மழுப்பி விட்டா தெரியாது. அதுக்குத்தான கம்ப்யூட்டர் இருக்கு?

— நானும் அப்படி நெனச்சுதான் ஃபோட்டோ கிளாஸ்ல சேந்தேன். டீச்சர் கம்ப்யூட்டர் பக்கமே விடல. ஆறு வாரமும் வெளிச்சம் எங்கேருந்து வருது, நிழல் எங்க விழுது, அத மட்டும் பாருங்கன்னுட்டாங்க. எடுக்கும்போது கோட்ட விட்டத அப்புறம் ஒட்டுப்போட்டு ஒப்பேத்த முடியாதாம்.

— நிழலப் பாக்க ஒரு கிளாஸா? நல்ல பொழப்பு.

— சிரிங்க, சிரிங்க. எங்க படத்துல வெளிச்சம் இடப்பக்கம். உங்களுக்கு உச்சந்தலையில ட்யூப் லைட். எப்படி ஒட்டும்? லைட்ட அணைச்சுட்டு ஜன்னலத் தெறங்க.

— ஜன்னல் வேண்டாம்மா. வெளிய பாக்க லட்சணமா ஒன்னும் இல்ல.

— வெளிய யாரு எடுக்கச் சொன்னா? ஃபோன நெஞ்சு உயரத்துல எதுலயாவது சாத்தி வச்சு, டைமர் போட்டுட்டு நில்லுங்க. மொகத்த வழவழன்னு ஆக்கற அந்த ஆப் வேண்டாம்.

— அது இல்லன்னா கெழவன் மாதிரி தெரிவேனே.

— தெரியட்டும். வீடியோ கால்னா நெட் சரியில்லங்கறீங்க. உங்க நெஜ மொகத்தப் பாத்தே எத்தன நாளாச்சு.

— சரிங்க மேடம். இரு... ம், அனுப்பிட்டேன். வந்துச்சா?

— வந்துச்சு.

— இது சரியா இருக்கா?

— எளச்சுப் போயிட்டீங்க. ரூம்ல கூட ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொன்னீங்க. கொடியில ஒருத்தர் துணிதான் காயுது.

— அவங்க டூட்டிக்குப் போயிருக்காங்க.

— துணியையும் எடுத்துக்கிட்டா? சரி, அங்க இப்ப மணி என்ன?

— பன்னெண்டு. இங்க உங்களுக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடின்னு எத்தன வாட்டி சொல்றது?

— பன்னெண்டு மணி வெயில் இப்படிப் படுத்துக்கிட்டா வரும்? உங்க நிழல் தலை வரைக்கும் எதிர்ச் சுவத்துல விழுது. இப்ப என் அடுப்படிச் சுவத்துல அடிக்கற வெயிலும் இதே மாதிரிதான் இருக்கு.

— இங்க குளிர்காலம்மா. சூரியன் தாழத்தான் ஓடும்.

— அப்படியா.

— ஆமா. சரி, வச்சிடறேன். நேரமாச்சு.

— வச்சிடாதீங்க. நான் எடுத்த படம் ஒன்னு அனுப்பறேன். எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லிட்டு வைங்க.

— அனுப்பு... இது... இது எப்ப எடுத்த?

— போன மாசம். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்கள எடுத்துட்டு வரச் சொல்லி டீச்சர் அனுப்பினாங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தர் தனியா உக்காந்திருந்தாரு, மொகத்துல வெளிச்சம் நல்லா விழுந்துது. ஃபோகஸ் ஆனதுக்கப்புறம்தான் நீங்கன்னு தெரிஞ்சுது. கூப்பிடாம படத்த மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன்.

— கம்பெனிய மூடிட்டாங்கம்மா. ஊருக்குத் திரும்பி வந்து ஏழு மாசம் ஆச்சு. வெறுங்கையோட உங்க முன்னாடி எப்படி வந்து நிக்கறதுன்னு...

— நீங்களா சொல்லுவீங்கன்னு ஒரு மாசம் காத்திருந்தேன், போதும். பொண்ணு புதுச் சட்ட போட்டு ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கா, இன்னும் அரை மணி நேரம்தான் வெளிச்சம் இருக்கும், கெளம்பி வாங்க.