இருபத்தி நாலு டப்பா

– உப்பு, வென்யா! உன் படத்துல பனின்னு சொல்லி நீ கொட்டினது மூட்டை மூட்டையா உப்பு. பாவம் அந்தக் குதிரை, நாலு பாகமும் அதை நக்கிக்கிட்டே நிக்குது.

– பன்னெண்டு வருஷம் ஆச்சு, ரூஃபா. இன்னும் அந்தக் குதிரையை விடலையா? கோட்டைக் கழட்டிக்கறேனே.

– கழட்டாதே. உக்காரச் சொல்லல. லெனின்கிராடோட ஒரே மேதை, தான் விட்டுட்டுப் போன பொண்டாட்டி வீட்டுச் சமையலறையில எதுக்கு நிக்கறார்?

– கேளேன். நான் படமா எடுத்த நாவல் வந்து நூறு வருஷம் ஆகுது. டிவியில என் படத்தை மறுபடி போடணும்கிறாங்க.

– ஐயோ, ஜனங்க என்ன பாவம் செஞ்சாங்க? நாலு மணி நேரம்!

– போட முடியாது. கிடங்குல படமே இல்ல. ஃபிலிம்ல இருக்கற வெள்ளியை எடுக்கறதுக்காகப் பழசையெல்லாம் கழுவிட்டாங்களாம்.

– வெள்ளியாவது நல்லா வந்துச்சா?

– சிரிக்காதே. என் வாழ்நாள்ல நான் எடுத்த ஒரே படம் அது.

– எடுத்தது நீ. வெட்டி ஒட்டினது யாரு? என் புருஷன் இன்னொருத்தியைப் பாக்கற பார்வையை ஒன்பது மாசம் இருட்டறையில உக்காந்து துண்டு துண்டா ஒட்டினவ நான்.

– இனெஸ்ஸா நல்ல நடிகைதான், ரூஃபா.

– நடிகையா! காதலன் செத்துட்டான்னு சேதி வருது, சூப்பு ஆறிடுச்சுங்கற மாதிரி மூஞ்சி. மூணாம் பாகத்துல கடிதம் கிழிக்கறாளே, ஏழு தடவை கண் சிமிட்டறா. ஒட்டினப்போ இல்ல, அப்புறம் எண்ணிப் பாத்தேன்.

– எப்போ எண்ணினே? ஒரே ஒரு தடவைதானே காட்டினாங்க. அதுவும் ஊரே ஹாக்கி பாத்துக்கிட்டிருந்த நேரம்.

– அன்னிக்கு எண்ணல.

– பின்னே?

– கழுவறதுக்கு லாரியில ஏத்தின அன்னிக்கு நான் கிடங்குல வேலையில இருந்தேன். போ, வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னாடி பாரு.

– ஃபிலிம் டப்பா! மேல என் எழுத்து! ரூஃபா, நீ காப்பாத்தி வெச்சியா? கையைக் குடு, முத்தம் குடுக்கணும்.

– கையை விடு.

– ஆனா நாலுதானே இருக்கு? இருபத்தி நாலு டப்பா இருக்கணுமே!

– இனெஸ்ஸா வர்ற துண்டையெல்லாம் வெட்டி, நானே என் கையால லாரியில ஏத்தி விட்டேன், வென்யா. மிச்சம் நாற்பது நிமிஷம். தாராளமா டிவியில போடு, இப்பதான் அது நல்ல படம்.