இடது பக்கம் நின்னவ

டாக்டரம்மான்னு கூப்பிடாதீங்க மாமா. எப்பவும் கூப்பிடுவீங்க, சரி, இன்னிக்கு மட்டும் வேணாம். கோட்டக் குடுக்கத்தான் வந்தேன். உங்க தையல் உங்களுக்கே அடையாளம் தெரியலையா? கிழியல்லாம் இல்ல. பட்டன் எல்லாம் பத்திரமா இருக்கு. பாக்கெட் மேல சிவப்பு நூல்ல என் பேரப் போட்டீங்களே, அத மட்டும் பிரிச்சுக் குடுங்க. ஊசி போன தடம் தெரியக் கூடாது. புதுசா வர்ற பிள்ளை யாராவது போட்டுக்கட்டும்.

ம். ஃபெயில்தான். காலேஜ் வாசல்லயே கடைய வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க. எழுத்துப் பரீட்சைன்னா திரும்ப எழுதிரலாம். இது நோயாளியப் பாக்கற பரீட்சை. அதுல போச்சுன்னா எங்க காலேஜ்ல வருஷமே போச்சு. மறுபடி அதே வகுப்பு, அதே வார்டு, எனக்குக் கீழ படிச்ச பிள்ளைங்களோட. படிக்கறேனா இல்லையான்னு இன்னிக்குள்ள ஆஃபீஸ்ல சொல்லணும். சொல்லலேன்னா அவங்களே பேர எடுத்துருவாங்க. அவங்க எடுக்கறதுக்கு முன்னாடி நாமளே எடுத்துரலாமேன்னு.

இல்ல, நிக்கறேன். உக்காந்தா அழுதுருவேன். சும்மா சொன்னேன் மாமா, அழ மாட்டேன்.

டீயா? சொல்லுங்க. உங்களுக்கும் சேத்துச் சொல்லுங்க. இல்ல, நீங்களும் குடிச்சாத்தான் நான் குடிப்பேன்.

ஒரு வருஷந்தானேங்கறீங்க. எங்க அப்பாவும் அதேதான். அவரு கரண்டு கம்பம் ஏறற ஆளு. பாதிக் கம்பத்துல எறங்கிட்டா மறுபடி அடியிலேருந்துதானம்மா ஏறணும், இதுல என்ன வெக்கம்னு கேக்கறாரு. எங்கிட்டதான் அப்படி. வெளிய போனா, ரிசல்ட் இன்னும் வரலேன்னு சொல்லிட்டுத் திரியறாரு. போன வாரம் பெரியப்பா முட்டி வலின்னு ஃபோன் பண்றாரு, அப்பா பழக்க தோஷத்துல ஃபோன எங்கிட்ட நீட்டறாரு. நானும் கூசாம, உப்பக் கொறைங்க பெரியப்பான்னேன். முட்டிக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? எனக்கே தெரியல. அவருக்கு ஒரே சந்தோஷம், மறுநாளே வலி கொறஞ்சிருச்சாம்.

அம்மா திட்டல. வேணாம்னா வந்துரு, ஆனா அப்பாகிட்ட நீயே சொல்லிக்கோன்னுட்டாங்க. தங்கச்சி இருக்காளே, அது வாயா அது? அக்கா, இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்னா நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துரலாங்கறா. அவ சொன்னதுக்குத்தான் வீட்டுல முதல் தடவையா சிரிச்சேன்.

அந்தக் கத்திரி வேணாம் மாமா, துணியில பட்டுரும். சின்ன ஊசி வச்சிருப்பீங்களே தையல் பிரிக்க, அதுல பண்ணுங்க. மெதுவாவே பண்ணுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

படிக்காம எங்க மாமா. படிச்சேன். நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல என்ன தப்பு? ஐயோ, இத்தனை நாளா அப்படியா நினைச்சுக்கிட்டிருந்தீங்க? நீங்க நல்லாத்தான் சொறிஞ்சீங்க மாமா!

சிரிக்கறீங்க. உங்களுக்கு ஹாஸ்டல்ல என்ன பேருன்னு தெரியுமா? மர்மர் மாமா. உங்க நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சரியா மூடாம, ரத்தம் பின்னால திரும்பி ஊஷ்னு சத்தம் போடுதே, அதுக்குத்தான் மர்மர்னு பேரு. வருஷா வருஷம் பரீட்சைக்குக் கடையச் சாத்திட்டு வந்து எங்களுக்காகப் படுத்துக்கறீங்க. நாங்க காது வச்சுக் கண்டுபிடிக்கணும். எவளாவது கண்டுபிடிக்காம முழிச்சா, எக்ஸாமினர் அந்தப் பக்கம் திரும்பினப்ப நீங்க இடது அக்குளச் சொறிவீங்க. சத்தம் இது வரைக்கும் வருது, இங்க வச்சுக் கேளுடின்னு அர்த்தம். புதுசா வர்றவங்களுக்கு சீனியருங்க முதல்ல சொல்லிக் குடுக்கறதே அதத்தான். உங்க அக்குள் புண்ணியத்துல டாக்டர் ஆனவங்க எத்தனை பேரோ. என் ரூம்ல இருக்கறவளும் அப்படித்தான் பாஸானா. இதெல்லாம் உங்களுக்கே சொல்றேன் பாருங்க.

எனக்கும் சொறிஞ்சீங்க. பாத்தேன். ரெண்டு தடவை சொறிஞ்சீங்க. பாவம், தோலே செவந்துருக்கும்.

அப்புறம் ஏன்னா... இந்தப் பாக்கெட்டப் பாருங்க. எல்லாருக்கும் இடது பக்கம் வச்சுட்டு எனக்கு மட்டும் வலது பக்கம் வச்சீங்க. நான் கேக்கவே இல்ல. அளவு குடுத்துட்டு இடது கையால பேர எழுதறதப் பாத்துட்டு, நீங்களா வச்சுக் குடுத்தீங்க. பேனா எடுக்க வசதியா இருக்குமேன்னு. வீட்டுல கூட யாரும் எனக்காக அப்படி எதையும் மாத்தி வச்சதில்ல. காலேஜ்லயும் அதே கதைதான். நோயாளிக்கு வலது பக்கம் நில்லு, வலது கையால தொடு. அது சட்டம். எழுதி வச்ச சட்டம் இல்ல, ஆனா சட்டம். நானும் பழகிக்கிட்டேன், வலது கையால தொட்டுத் தொட்டு. தெரியாத ஊருல வழி கேக்கற மாதிரி இருக்கும் எனக்கு, அந்தக் கையால தொடறது.

பரீட்சை அன்னிக்குப் பயத்துல கால் தானா இடது பக்கம் போயிருச்சு. உங்க தலைமாட்டுல நிக்கற வரைக்கும் எனக்கே தெரியல. கண்ணாடி போட்ட அந்த எக்ஸாமினர், வெளியூர்லேருந்து வந்தவரு, வந்ததும் முதல்ல கேட்டது அதான். ஏம்மா, வாசல் அந்தப் பக்கம் இருக்கறப்ப கொல்லைப் பக்கமா வந்து நிக்கறியேன்னாரு. கூட இருந்தவங்க சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல. நீங்க சொறிஞ்சீங்க.

என்ன கண்டுபிடிச்சேன்னு கேட்டாரு. ஒண்ணும் இல்ல சார்னேன். காது கேக்காதவனுக்குக் கூடக் கேக்கும் உங்க சத்தம். ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்.

டீ வந்துருச்சு. குடிங்க.

குடிங்க மாமா. அங்க வச்சுட்டுத் துணியப் பாக்காதீங்க. என்ன, அதுக்குள்ள போதுமா? பாதி கூடக் குடிக்கலையே. சாப்பாடும் இப்படித்தானா? ரெண்டு வாய்க்கே வயிறு நிறைஞ்சாப்புல... எப்பலேருந்து? சும்மாதான் கேக்கறேன். பழக்கம், கேட்டே பழகிப்போச்சு.

இந்தக் கோடு போட்ட சட்ட போன வருஷமும் போட்டிருந்தீங்க. இப்ப ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கீங்க. தையல் புதுசா இருக்கு. பேன்ட்டும் இடுப்புல பிடிச்சதுதானே? வெயில்ல எளைச்சுட்டேங்கறீங்க. நிழல்ல உக்காந்து மிஷின் மிதிக்கற ஆளுக்கு என்ன மாமா வெயில்? வேற யாராவது இருந்தா, சட்ட தொளதொளன்னு தொங்கறதப் பாத்துட்டு வீட்டுல பயந்துருப்பாங்க, இழுத்துட்டுப் போயி எங்கயாவது காமிச்சிருப்பாங்க. நீங்க தையக்காரரு. எளைக்க எளைக்கத் தைச்சுத் தைச்சு அளவா போட்டுக்கிட்டீங்க. உங்களப் பாத்தா யாருக்கும் எதுவும் தெரியல. அத்தைக்கே தெரியலையா? தெரியாது. உங்க தையல் அவ்ளோ சுத்தம்.

எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா...

கழுத்து எலும்பு இருக்குல்ல, தோள்பட்டைக்குப் போற எலும்பு. அதுக்கு மேல ஒரு குழி. உங்களப் பாக்க வர்றவங்க எல்லாம் வலது பக்கம் நின்னு, வலது பக்கக் கழுத்துல நரம்பு துடிக்கறதப் பாப்பாங்க, அப்புறம் நேரா நெஞ்சுக்குப் போயிருவாங்க. இதயக் கேஸு, மர்மர் மாமா, பதில் முன்னாடியே தெரியும். இடது பக்கக் குழியில யாருக்கும் வேலையே இல்ல. இத்தனை வருஷத்துல எவ்ளோ கை உங்க மேல பட்டிருக்கும், ஒரு கை அங்க போயிருக்காது. நான் தப்பான பக்கம் நின்னேனா, தப்பான கைய வச்சேனா, விரல் அங்கதான் விழுந்துச்சு.

அங்க ஏதோ இருந்துச்சு மாமா. பட்டாணி மாதிரி. கெட்டியா. அதுக்கப்புறம் உங்க சத்தம் எதுவும் என் காதுல விழல. எக்ஸாமினர் கேக்கறாரு, நீங்க சொறியறீங்க, எனக்கு விரல் நுனி மட்டுந்தான் இருக்கு, மத்த உடம்பே இல்ல.

ஏன் சொல்லலேன்னா, என்னன்னு சொல்றது? அப்பத்தான் நிக்கத் தெரியாதவன்னு சிரிச்சு முடிச்சாங்க. ரூம்ல வந்து கூட இருக்கறவகிட்டச் சொன்னேன். அடியே, நீ தசையத் தொட்டிருப்ப, எலும்பத் தொட்டிருப்ப, நின்னதே தப்பான பக்கம்னா. எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு. புத்தகத்த எடுத்தேன், வயித்துல கோளாறுன்னாலும் அந்தக் குழியில தெரியலாம்னு போட்டிருந்துச்சு, பாதி படிச்சுட்டு மூடிட்டேன். கடை வாசல் வழியாத்தான் தினம் போவேன். எதிர்ப் பக்கமா நடந்தேன். நீங்க கைய ஆட்டுவீங்க, ஃபோன் பேசற மாதிரி போயிருவேன். நான் ஃபெயிலாயிருவேன்னு வெக்கப்பட்டுப் போறேன்னு நினைச்சிருப்பீங்க.

இருங்க, இன்னும் முடியல. இது சின்னது. பெருசு வேற இருக்கு.

ரிசல்ட் வந்த அன்னிக்கு மொட்டை மாடியில போயி நின்னேன். அழல. என்ன தோணுச்சு தெரியுமா? அந்தக் கட்டி நெசமா இருந்தா, நான் ஃபெயில் இல்ல. அங்க இருந்த எல்லாரையும் விட நான் ஒருத்திதான் சரி. அப்படித் தோணுச்சு. அதோட நிக்கல மாமா. இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அது அங்க இருக்கணும், கெட்டியா இருக்கணும், எல்லாரும் பாக்கணும்னு. எனக்குப் பேரு தைச்சுக் குடுத்த மனுஷன் கழுத்துல. எவ்ளோ நேரம் அப்படி நின்னேன்னு தெரியல. கீழ எறங்கறப்பதான் என்ன கேட்டோம்னு புரிஞ்சுது. இப்படி ஒருத்தி ஒரு வருஷம் படிச்சா என்ன, பத்து வருஷம் படிச்சா என்ன. அதான் பேரப் பிரிக்க வந்தேன்.

திட்டுங்களேன்.

சரி. காலர் பட்டனக் கழட்டுங்க. மேல ஒண்ணு போதும். திரும்பாதீங்க, நேராவே பாருங்க. நான் இந்தப் பக்கமே நின்னுக்கறேன். கை சில்லுன்னு இருக்கும், இருங்க, தேச்சுக்கறேன். அது இல்லாம இருக்கணும் மாமா. இப்ப அதான் வேணும். நான் தசையத்தான் தொட்டேன், ஒண்ணும் தெரியாதவதான்னு ஆகட்டும். ஃபெயிலாவே இருந்துட்டுப் போறேன், சந்தோஷமா ஊருக்குப் போறேன்.

தோளத் தளர்த்துங்க. மூச்ச மெதுவா இழுங்க. விடுங்க. இன்னொரு தடவை.

இன்னொரு தடவை மாமா.

போதும். பட்டனப் போட்டுக்கோங்க. விடுங்க, நான் போடறேன்.

என்ன? என்ன கேட்டீங்க? அப்ப நான் பாஸான்னா கேக்கறீங்க? ஏன் மாமா இப்படி இருக்கீங்க... இந்த நேரத்துல அதையா கேப்பீங்க.

இல்ல. எனக்குத் தெரியாது. என்னன்னு சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாது. சின்னதுதான். சாதாரணமாவும் இருக்கலாம். ஆனா பெரிய டாக்டர் ஒருத்தர் இன்னிக்கே தொட்டுப் பாக்கணும். மதியம் வரைக்கும் எங்க மேடம் ஓ.பி.யில இருப்பாங்க. திட்டுவாங்க, என்னத் திட்டுவாங்க, உங்கள இல்ல. திட்டட்டும். அத்தைக்கு ஃபோன் போடுங்க. பயமுறுத்தாம, சும்மா வரச் சொல்லுங்க.

அந்தக் கோட்டக் குடுங்க. இது இல்லேன்னா உள்ள விட மாட்டாங்க. எவ்ளோ பிரிச்சுட்டீங்க, முதல் எழுத்து மட்டுமா? பரவால்ல, மிச்சப் பேரு போதும். அப்புறமா வந்து தைச்சுக் குடுங்க. நீங்கதான் தைக்கணும், வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்.

ஆஃபீஸும் அதே கட்டிடந்தான், கீழ. உங்கள உக்கார வச்சுட்டு, ஓடிப்போயி படிக்கறேன்னு சொல்லிட்டு வந்துர்றேன்.

மிஷின அப்படியே விடுங்க, சாவியக் குடுங்க. படி இருக்கு, பாத்து எறங்குங்க. நீங்க சுவர் ஓரமா வாங்க மாமா. நான் இந்தப் பக்கம் வர்றேன்.