மழை இல்லாத மாதங்களின் குழி

அன்று நான் சொல்லாதது இது: புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தெற்கு மூலையில், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி, குரோமிய முலாம் பூசிவந்த பழைய பிளேட்டிங் கம்பெனியின் கழிவுக் குழி மூடிக் கிடக்கிறது. அதில் கழிவைக் கொட்டிய தொழிலாளிகளில் சம்பந்தமும் ஒருவர். இறப்பதற்குப் பத்து நாள் முன்பு என்னிடம் சொன்னார். "மழ வந்தா வால்வைத் தொறந்து ஏரிக்கு வுடுவோம். மழ இல்லாத மாசத்துல குழிதான். அந்த ஃப்ளாட்டு ஜனங்க கிட்ட நானே சொல்லிடறேன். முடியலேன்னா நீ சொல்லிடும்மா."

அவருடைய இரங்கல் கூட்டத்துக்கு வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் பரத், வியாழக்கிழமை தெற்கு மூலையில் தண்ணீருக்குப் போர் போடப்போவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் மேடை ஏறும்போது சம்பந்தத்தின் மனைவி கமலம் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு மட்டும் வாணாம்மா. அவரே கொட்னாருன்னு மைக்குல சொன்னா, நாளைக்கு நான் இந்தத் தெருவுல எப்டி நடப்பேன்?"

நான் பேசியது இது:

"தலைமை ஏற்றிருக்கும் ஏரிப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஏகாம்பரம் அவர்களே, கள்ளிக்குப்பத்துப் பெரியவர்களே, கம்பெனி நிலத்தில் எழுந்த குடியிருப்பிலிருந்து வந்திருப்பவர்களே, துணையை இழந்து நிற்கும் கமலம் அம்மாளே, வணக்கம்.

தோழர் சம்பந்தம் யார்? பன்னிரண்டு ஆண்டுகள் நம் ஏரிக்காக மனுவோடு அலைந்தவர். அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் குரோமியத் தொட்டியின் அருகே நின்றவர். அவருடைய பெற்றோர் கூலிக்கு நாற்று நட்ட நிலம்தான் கம்பெனியானது. அதே நிலத்துக்கு அவரும் கூலிக்குப் போனார். அவர் பளபளப்பாக்கிய கைப்பிடிகள் கப்பலேறின. அவை எந்த நாட்டு வண்டிகளில் இருக்கின்றன, நமக்குத் தெரியுமா? கழுவிய தண்ணீர் எங்கே போனது என்பது மட்டும் தெரியும். கிணறுகள் மஞ்சளானபோது தெரிந்தது.

அந்தத் தொட்டியின் புகை அவருடைய மூக்கின் நடுச்சுவரைத் துளைத்துவிட்டது. ஏரிக்கரையில் நாங்கள் துப்பட்டாவால் மூக்கை மூடி நின்றபோது அவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். 'இன்னாத்துக்கு மூடிகினு கீறீங்க? என் மூக்கு எப்பவோ ரிட்டயர் ஆயிடுச்சு' என்றார். சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

கம்பெனி நிலத்தை விற்றுவிட்டுப் போனது. தோழர் கேட்டார்: 'மெசினை எட்த்துகினு பூட்டான், கூரையை எட்த்துகினு பூட்டான். தண்ணியில கீறத மட்டும் ஏன் எட்த்துகினு போல?' இதை மூன்று அலுவலகங்களில் கேட்டார். எங்கிருந்து பதில் வந்தது? யார் வந்து பார்த்தார்கள்?

அந்தக் கேள்வியை இனி நாம் கேட்போம். பதில் வரும்வரை கேட்போம். தோழர் சம்பந்தத்தின் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்கிறேன்."

கமலம் அம்மாள் அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வியாழக்கிழமை போர் போட்டார்கள். நூற்றுப்பத்து அடியில் தண்ணீர் தெளிவாகவே வந்தது. மறுநாளே மேல்தொட்டிக்கு இணைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை நான் பரத்திடம் போய்க் குழியைப் பற்றிச் சொன்னேன்.

"அன்னைக்கு உங்க எதிர்லதானேங்க உட்கார்ந்திருந்தேன்" என்றார் பரத்.

மோட்டாரை நிறுத்த உடனே ஆள் அனுப்பினார். அதற்குள் நூற்றுப் பதினான்கு வீடுகள் அந்தத் தண்ணீரில் மூன்று நாள் சமைத்திருந்தன.