கிழங்குப் பிரட்டலுக்கு ஈடாக ஒரு மலே அச்சாறு

றோசலின்: …நான் எங்கக்கா பார்த்தேன்? காலையில கொழுந்து பறிக்கப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற வழியில நாகலெட்சுமி வீட்டுக்குள்ள சும்மா ஒரு எட்டு எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பேச்சியம்மா: சும்மா எட்டிப் பார்த்தாலே அவ பெட்டியில எத்தனை சேலைன்னு சொல்ற ஆளு நீ. வெத்தலத் தட்டு மட்டும் எப்படிடி கண்ணுல படாமப் போச்சு?

றோசலின்: வெத்தலயா… எந்த வெத்தல?

பேச்சியம்மா: நடிக்காத றோசு. ஞாயித்துக்கிழமை நாகலெட்சுமி மக சுதர்ஷினிக்குப் பரிசம். இன்னைக்கு வியாழன். இருபது வருசமா இந்தத் தோட்டத்து லயத்துல என்ன விசேசம்னாலும் சோத்துக்கு வெஞ்சனம் ஆக்குறது யாரு?

றோசலின்: நீங்கதாங்கக்கா.

பேச்சியம்மா: மாரியம்மன் திருவிழாவா, பேச்சியம்மா. உங்க மாதா கோயில் திருநாளா, அதுக்கும் பேச்சியம்மா. மூணு நாளைக்கு முன்னாடியே வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுவாங்களா இல்லையா?

றோசலின்: கூப்பிடுவாங்கதான்… இப்ப மழை வேற விடாமப் பெய்யுது…

பேச்சியம்மா: மழைக்கும் வெத்தலைக்கும் என்னாடி? நனைஞ்சா கரைஞ்சு போயிருமா?

றோசலின்: சரி… சொல்றேன். முதல்ல கையில இருக்குற அகப்பையைக் கீழ வைங்க.

பேச்சியம்மா: வச்சுட்டேன். சொல்லு.

றோசலின்: வெத்தல… றிச்சர்ட் வீட்டுக்குப் போயிருச்சு.

பேச்சியம்மா: றிச்சர்ட் பொஞ்சாதி யூஜினாவுக்கா? கொழும்புல மலாய்க்காரங்க வீட்டுக் குசினியில ஒம்பது வருசம் நின்னுட்டு வந்தவளுக்கா? வந்து முழுசா ஆறு மாசம் ஆகலையேடி!

றோசலின்: ஆறு மாசத்துல லயத்தையே மயக்கிட்டாளே. அந்த மலே அச்சாறு இருக்கே… சின்ன வெங்காயம், கொச்சிக்கா, பப்பாசிக்கா, பேரீச்சம்பழம்… வெறுஞ்சோத்துக்கே அப்படி இறங்குதுக்கா.

பேச்சியம்மா: பேரீச்சம்பழத்தைச் சோத்துக்குத் தொட்டுக்கிறது என்னா பழக்கமோ. ஊறுகாய்க்கும் பாயாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவ.

றோசலின்: உங்க வீட்டு மூர்த்தியண்ணன் மூணு தடவ வாங்கித் தின்னாரே.

பேச்சியம்மா: யாரு? எங்க வீட்டு மனுசனா?

றோசலின்: ஐயோ… உங்களுக்குத் தெரியாதா? நான் சொன்னேன்னு வேணாம்.

பேச்சியம்மா: அதானே பார்த்தேன்! ரெண்டு வாரமா அந்தியில சோறு போட்டா "பசியில்ல புள்ள, பசியில்ல புள்ள"ங்கிறாரு. வயித்துக் கோளாறாக்கும்னு கசாயம் வச்சுக் குடுத்தேனேடி!

றோசலின்: அந்தக் கசாயத்தையும் அச்சாறைக் கடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சாராம்.

பேச்சியம்மா: சிரிக்காத. எனக்குந்தான் ஒரு கிண்ணம் அனுப்புனா. தொட்டுக்கூடப் பார்க்கல. நாய்க்கு வச்சேன்.

றோசலின்: உறைக்கிற கொச்சிக்காவையும் புளிக்கிற வினாகிரியையும் நாய் தின்னுச்சா?

பேச்சியம்மா: …தோட்டத்து நாய், எல்லாத்தையும் திங்கும்.

றோசலின்: அக்கா, மெதுவா. அவளே வர்றா. குடையைப் பிடிச்சுக்கிட்டு.

பேச்சியம்மா: வரட்டும். வாசல்லயே நிக்க வச்சு நாலு கேள்வி கேட்டு அனுப்புறேன் பாரு.

யூஜினா: அத்தை… இருக்கீங்களா?

பேச்சியம்மா: வாடியம்மா, வா! ஏன் மழையில நிக்கிற? உள்ள வா, பிளேன்டீ ஊத்துறேன்.

யூஜினா: வேணாம் அத்தை. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு… அட, றோசக்காவும் இருக்காங்களா.

றோசலின்: நான் இல்லைன்னு நினைச்சுக்கிட்டுப் பேசு.

யூஜினா: ஞாயித்துக்கிழமை விசேசத்துக்கு… என்னைய வெஞ்சனம் ஆக்கச் சொல்லியிருக்காங்க. அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்.

பேச்சியம்மா: அப்படியா? இப்பத்தான் கேள்விப்படுறேன். நல்லதாப் போச்சு. எனக்கும் தோள்பட்டை வலி. யாராச்சும் எடுத்துச் செஞ்சா தேவலைன்னு நானே நினைச்சேன்.

றோசலின்: க்கும்.

பேச்சியம்மா: தொண்டையில என்னா றோசு?

றோசலின்: அடுப்புப் புகைக்கா.

யூஜினா: அச்சாறு, கூனி இறால் சம்பல், பருப்பு… அதெல்லாம் நான் பார்த்துக்குவேன் அத்தை. ஆனா புளி ஊத்துன உருளைக்கிழங்குப் பிரட்டல் இருந்தே ஆகணும்னு நாகலெட்சுமியக்கா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்க செய்வீங்களே, அது. நானும் செஞ்சு பார்த்தேன். எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் வச்சுட்டு, "பேச்சியத்தை கிழங்கு மாதிரி வரல"ங்கிறாரு. மறுநாளும் செஞ்சேன். அதே வார்த்தை. நாலு தடவ!

பேச்சியம்மா: எத்தனை தடவ?

யூஜினா: நாலு.

பேச்சியம்மா: றிச்சர்ட் சின்ன வயசுல இருந்தே பொய் சொல்லத் தெரியாத புள்ள.

யூஜினா: எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? ஆக்கிப் போடுறவ நானு. தட்டுல கை வச்சதும் உங்க பேரு.

பேச்சியம்மா: அது கிடக்கட்டும். சொல்லித் தர்றேன். ஆனா சும்மா இல்ல. உன் அச்சாறு எப்படின்னு நீ முதல்ல சொல்லு.

றோசலின்: நாய்க்கு வைக்கவாக்கா?

பேச்சியம்மா: உடப்புசல்லாவையில இருக்குற என் மகளுக்குடி! அவ கேட்டா.

யூஜினா: அச்சாறுதானே… சின்ன வெங்காயத்தை முழுசா உரிச்சுக்கணும். கொச்சிக்காவைக் கீறி, பப்பாசிக்காயைக் குச்சி குச்சியா வெட்டி, வினாகிரியில ஒரு கொதி விட்டு எடுத்துரணும். அப்புறம் பேரீச்சம்பழம், சீனி, உப்பு, மிளகு…

பேச்சியம்மா: கடுகு உண்டா?

யூஜினா: கடுகு உண்டு.

பேச்சியம்மா: தாளிச்சுத்தானே கொட்டணும்?

யூஜினா: …ம். நீங்க எப்பவும் செய்யிற மாதிரியே செய்ங்க அத்தை.

பேச்சியம்மா: அதானே. கடுகுன்னா வெடிக்கணும். மலாய்க்காரங்க வீடுன்னா மட்டும் வேற கடுகா?

யூஜினா: இப்ப கிழங்கைச் சொல்லுங்க.

பேச்சியம்மா: தோல் சீவி நாலா வெட்டிக்க. வெந்தயம், கறிவேப்பிலை, வெங்காயம் போட்டுத் தாளி. கிழங்கைப் பச்சையாவே போடு. போட்டதும்… கையோட புளியைக் கட்டியாக் கரைச்சு ஊத்திரு. அந்தப் புளியிலயே கிடந்து வேகணும்.

றோசலின்: புளியை முதல்லயா? ஏங்கக்கா, அப்புறம் கிழங்கு எப்படி…

பேச்சியம்மா: நீ பேசாம இரு. நீ வச்ச ரசத்துல கை கழுவிட்டு எந்திரிச்சவன்தானே உன் தம்பி.

யூஜினா: முதல்லயே புளியா… நான் கடைசியால்ல ஊத்துனேன்.

பேச்சியம்மா: அதான் ருசி வரல.

யூஜினா: நூத்தம்பது பேருக்கு எவ்வளவு கிழங்கு அத்தை?

பேச்சியம்மா: முப்பது கிலோ போடு. குறைச்சுராத.

யூஜினா: பெரிய மனசு அத்தை உங்களுக்கு. வெளியில சிலபேரு வேற மாதிரி சொன்னாங்க.

றோசலின்: என்னைய ஏன் பார்க்குற?

பேச்சியம்மா: போயிட்டு வாம்மா. படி வழுக்கும், பார்த்து.

யூஜினா: வர்றேன் அத்தை. வருத்தம் என்னான்னா, கிழங்கை நான் ஆக்கினேன்னு ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல.

பேச்சியம்மா: ஏன்?

யூஜினா: மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வட்டவளையில இருந்து கேட்டு அனுப்புனதே அதைத்தானாம். எங்கயோ ஒரு விசேசத்துல தின்னாங்களாம். "இது எங்க பேச்சியம்மா பக்குவம்னு சொல்லித்தான் பந்தியில வைப்பேன்"னு நாகலெட்சுமியக்கா முடிவாச் சொல்லிருச்சு. வேகுறது என் கை, பேரு உங்களுக்கு. வரட்டா?

பேச்சியம்மா: …என் பேரா?

றோசலின்: போயிட்டாக்கா.

பேச்சியம்மா: என் பேரையாடி சொல்லுவாங்க?

றோசலின்: நூத்தம்பது எலையிலயும். முப்பது கிலோ கல்லு, பேச்சியம்மா பக்குவம். வட்டவளைக்காரங்க பல்லு போச்சுன்னா யார் வீட்டைத் தேடிக்கிட்டு வருவாங்க?

பேச்சியம்மா: வாயைக் கழுவுடி! …அடியேய் யூஜினா! நில்லு! நில்லுடி!

யூஜினா: என்னா அத்தை? தண்ணிப் பீலிகிட்ட வந்துட்டேன்! இங்க இருந்தே சொல்லுங்க!

பேச்சியம்மா: புளியை முதல்ல ஊத்தாத! கிழங்கு நல்லா வெந்து மசியிற பதத்துல கடைசியா ஊத்து! முதல்ல ஊத்துனா நாள் பூரா எரிச்சாலும் வேகாது!

யூஜினா: இப்பத்தானே முதல்ல ஊத்தச் சொன்னீங்க?

பேச்சியம்மா: வயித்தெரிச்சல்ல சொன்னேன்டி! லயம் முழுக்கக் கேட்டுருச்சு, போதுமா? அடுப்பை அணைச்ச பிறகு வறுத்துப் பொடிச்ச சோம்பைத் தூவி மூடி வை. நீ விட்டது அதைத்தான்!

றோசலின்: என்னாடி அங்கயே நிக்கிற? குடையை நேராப் பிடி, நனையுற!

யூஜினா: அத்தை… உடப்புசல்லாவை மகளுக்குப் போன் பண்ணி அச்சாறைச் சொல்லிட்டீங்களா?

பேச்சியம்மா: இன்னும் இல்ல. நாளைக்கு நானே ரெண்டு போத்தல் அச்சாறு போட்டு அனுப்பலாம்னு இருக்கேன். மாமியா வீட்டுல கேப்பாங்கல்ல, யூஜினா சொல்லிக் குடுத்ததுன்னு உன் பேரைச் சொல்லியே குடுக்கச் சொல்றேன்.

யூஜினா: அப்படின்னா… கடுகைத் தாளிச்சுராதீங்க அத்தை! பச்சையா வினாகிரி விட்டு அரைச்சுத்தான் சேர்க்கணும்!